லூபின் ஆட்டுக்கு மட்டும்தானா?

மணல்காட்டான்:
மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் பக்கம் வேலை பார்க்கிறேன். இங்கே லூபின் பயறு ஏராளமாக விளைகிறது. பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகத்தான் போகிறது. தோல் நீக்கிய பருப்பில் சுமார் 40 சதவீதம் புரதம், மாவுச்சத்து மிகக் குறைவு, நார்ச்சத்து ஏராளம். நம் துவரம்பருப்பில் புரதம் 22 சதவீதம்தான். இதை ஏன் நாம் சாப்பிடுவதில்லை?

கசப்புவேர்:
கசக்கும், அதனால்தான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் தார்வி என்ற லூபினை வேகவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் தின்கிறார்கள். அந்தக் கசப்பே ஆல்கலாய்டு, நஞ்சு.

மணல்காட்டான்:
அது கசப்பு லூபின். இங்கே ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற பயிர் ஆராய்ச்சியாளர் உருவாக்கிய 'யூனிவைட்' என்ற கசப்பில்லாத ரகம் 1967இலேயே வந்துவிட்டது. பூவும் விதையும் வெள்ளையாக இருக்கும்படி தேர்ந்தெடுத்தார். வயலில் நீலப்பூ தெரிந்தால் கசப்புச் செடி கலந்துவிட்டது என்று அர்த்தம். உணவுக்கு விற்கும் லூபினில் ஆல்கலாய்டு கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது.

அப்புறம் மண். கொண்டைக்கடலை முளைக்கவே தயங்கும் அமில மணலில் இது வளர்கிறது. செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. அடுத்த பட்டம் கோதுமைக்கு யூரியாச் செலவு குறையும்.

கசப்புவேர்:
அவ்வளவு நல்ல பயிரென்றால் விவசாயிகள் ஏன் கனோலா என்ற எண்ணெய் வித்துக்குப் போனார்கள்? 1996இல் ஆந்த்ராக்னோஸ் நோய் வந்து அங்கே வெள்ளை லூபின் என்ற இன்னொரு இனத்தை அழித்ததே. காட்டு முள்ளங்கி வேறு எந்தக் களைக்கொல்லிக்கும் மசிவதில்லை. அறுவடைக்குப் பின் மழை பெய்தால் வயலில் மிஞ்சிய தாளில் பூஞ்சை பிடித்து, மேயும் ஆட்டின் ஈரலைக் கெடுக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்.

மணல்காட்டான்:
காட்டு முள்ளங்கி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். 'எந்தக்' என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் பெரிய தலைவலிதான். பூஞ்சையைத் தாங்கும் ரகங்கள் வந்துவிட்டன. கனோலாவுக்குப் போனது விலைக்காக. தீவன விலைக்கு விற்கும் பயிரை யார் போடுவார்கள்? மனிதர்கள் வாங்கித் தின்றால்தான் விலை ஏறும், அதைத்தான் சொல்கிறேன்.

பெர்த்_அக்கா:
தம்பிகளா, சமையலறையிலிருந்து ஒரு வார்த்தை. லூபின் அவலை ஊறவைத்து மசால்வடை போட்டேன். எண்ணெயில் போட்டதும் உதிர்ந்து சட்டி முழுக்கத் தூள். மாவுச்சத்து இல்லாததால் பிடிப்பு இல்லை. பாதிக்குப் பாதி கடலைப்பருப்பு சேர்த்த பிறகுதான் நின்றது. ருசி குறைவில்லை, கொஞ்சம் புல்வாடை. இதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, மற்ற பருப்புகளைப் போலத்தான். சோற்றோடு சாப்பிட்டால் அது சரியாகிவிடும்.

கசப்புவேர்:
அக்கா, என் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது. அப்படிப்பட்ட சிலருக்கு லூபினும் ஒவ்வாது என்று படித்த நாளிலிருந்து இந்தப் பெயரைக் கேட்டாலே பயம். என் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

பெர்த்_அக்கா:
அப்படியா! அப்போது டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்கவே வேண்டாம். இங்கே பாக்கெட்டில் லூபின் கலந்திருந்தால் கட்டாயம் அச்சிட்டிருப்பார்கள். பிரெட், பிஸ்கட் வாங்கும்போதும் பாருங்கள், மாவாகக் கலப்பதுண்டு.

மணல்காட்டான்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு மல்லுக்கு நின்றிருக்க மாட்டேன். பையனுக்கு வேண்டாம். ஆனால் நைட்ரஜன் கணக்கில் நான் இறங்கிவர மாட்டேன், சொல்லிவிட்டேன்.