ஹோம் லோன்: ஜனங்களுக்கு மனசு இல்லையா, வழி இல்லையா?

கணக்கன்:
லோன் போட்டு வீடு வாங்க ஆளுங்க தயங்குறதுக்கு எல்லாரும் வட்டியத்தான் சொல்றீங்க. 20 வருஷ லோன், வட்டி 8 சதவீதத்துல இருந்து 9 ஆனா மாசத் தவணை ஏழரை சதவீதம் போலத்தான் கூடும். அதுக்காக யாரும் வீடே வேணாம்னு விட மாட்டாங்க. வேலை நிலைக்குமான்னு நம்பிக்கை இல்ல, அதான் விஷயம்.

நடுநிசி:
ஒரு சதவீதம்னா சரி. அமெரிக்கால 30 வருஷ பிக்சட் வட்டி (லோன் முடியுற வரைக்கும் மாறாத வட்டி) சராசரி 2021 ஜனவரில 2.65, 2023 அக்டோபர்ல 7.79. அதே அளவு கடன புதுசா வாங்குறவங்களுக்கு தவணை முக்கால் பங்குக்கு மேல கூடிருச்சு. பழைய வட்டில வாங்கினவங்க வித்துட்டு வேற வீட்டுக்குப் போகவும் தயங்கினாங்க, ஏன்னா புது லோன் புது வட்டிலதான் கிடைக்கும்.

மழைக்காலம்:
ரெண்டு பேருமே லோன் கிடைச்சவங்களப் பத்தியே பேசுறீங்க. டவுன் பேமென்ட்ட யாரு தருவா? பேங்க் பொதுவா முழு விலைக்கும் தராது, மிச்சத்த வாடகை கட்டிக்கிட்டே சேக்கணும், நாம சேக்குற வேகத்த விட விலை வேகமா ஏறுச்சுன்னா வருஷா வருஷம் இன்னும் பின்னாடிதான் போறோம், இதுல பத்திரச் செலவு வேற. மனசெல்லாம் நிறைய இருக்குங்க.

கணக்கன்:
தவணை தாங்கலன்னா 30 வருஷமா நீட்டிக்கலாமே.

மழைக்காலம்:
நான் டவுன் பேமென்ட்ட சொன்னேன், நீங்க தவணைக்குப் போயிட்டீங்க. சரி, அதையும் பாப்போம். 8 சதவீதத்துல 20 வருஷத்த 30 ஆக்கினா தவணை 12 சதவீதம்தான் குறையும், ஆனா மொத்தமா கட்டுறது அசல்ல ரெண்டு மடங்குல இருந்து 2.6 மடங்கு ஆயிடும். அதுவும் சின்ன வயசுக்காரங்களுக்குத்தான். 45 வயசுல போய் நின்னா ரிட்டயர் ஆகுறதுக்குள்ள முடிக்கணும்பாங்க.

தனித்தொழில்:
எனக்கு சம்பாத்தியம் இருக்கு, ஆனா பே ஸ்லிப் கிடையாது. ஒரு மாசம் நிறைய வரும், அடுத்த மாசம் ஒண்ணும் வராது. இதுவரைக்கும் யார்கிட்டயும் கடன் வாங்குனதில்ல, அதனால கிரெடிட் ஹிஸ்டரியே இல்லன்னு சொல்றாங்க. கடன் இல்லாம இருந்தது ஒரு குத்தமா? மனசு நொந்து போச்சு.

நடுநிசி:
உங்க வேதனை புரியுது, ஆனா வருமானத்த சரியா பாக்காம அள்ளிக் கொடுத்துதான் 2008ல அமெரிக்கால அவ்ளோ பேர் வீட்ட இழந்தாங்க. ஆரம்பத்துல கம்மி வட்டி, ரெண்டு மூணு வருஷத்துல ஏறுச்சு, வீட்டு விலையும் விழுந்ததால வேற லோனுக்கு மாறவும் முடியல. அந்த செக்கிங் கடன் வாங்குறவங்களுக்கும் பாதுகாப்புதான்.

மழைக்காலம்:
செக் பண்ண வேணாம்னு யாரும் சொல்லல. தவணை அளவுக்கே வாடகைய வருஷக்கணக்கா தவறாம கட்டுறவங்களோட ரெக்கார்ட எடுத்துக்கோங்கன்னுதான் கேக்குறோம்.

கணக்கன்:
வாடகையும் தவணையும் ஒண்ணு இல்லங்க. மோட்டார் போச்சு, கூரை ஒழுகுது, வீட்டு வரின்னா வாடகைக்கு இருக்குறவங்க ஓனர்கிட்ட சொல்லிடலாம், சொந்த வீட்டுல தவணைக்கு மேல அதுவும் நம்ம தலைலதான். அதுக்கும் சேத்து கையில இருக்கான்னு பேங்க் பாக்கத்தான் செய்யும்.

தனித்தொழில்:
அப்ப என் பேங்க் கணக்குல ரெண்டு வருஷமா வந்து போன பணத்தப் பாருங்களேன், இருக்கா இல்லையான்னு அதுலயே தெரியுமே.