டிஎக்ஸ்எஃப் (DXF) வரைபடக் கோப்பில் அளவின் யூனிட் இருக்கிறதா, இல்லையா?

கோவை லேசர்: "டிஎக்ஸ்எஃப்-ஆக அனுப்பினால் கணினியில் வரையும் எந்த கேட் (CAD) மென்பொருளிலும் அளவு மாறாது, கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. போன வாரம் 100 × 60 மி.மீ. தகடு ஒன்று எங்கள் பட்டறைக்கு 2540 × 1524 ஆக வந்தது. கொட்டேஷன் மென்பொருள் வெட்டு நீளத்தை 25.4 மடங்காகக் கணக்குப் போட்டு, விலையையும் அனுப்பிவிட்டது. கஸ்டமர் ஒரு வார்த்தை பேசாமல் வேறு கடைக்குப் போய்விட்டார். டிஎக்ஸ்எஃப்-ல் யூனிட் கிடையாது. வெறும் எண்தான்.

வரைபடக்காரன்: எழுதியது நான்தான். யூனிட் உண்டு சார். தலைப்பகுதியில் இன்சுனிட்ஸ் என்று ஒன்று இருக்கும். 1 என்றால் அங்குலம், 4 என்றால் மி.மீ. நோட்பேடில் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கோவை லேசர்: திறந்து பார்க்காமலா பேசுகிறேன்? 1 என்று இருந்தது. வரைந்த பையன் அங்குல டெம்ப்ளேட்டில் ஆரம்பித்து, மில்லி என்று நினைத்து 100 அடித்திருக்கிறான். கோட்டின் முனையைப் பார்த்தேன். முனையின் இடத்தைக் குறிக்கும் 11 என்ற வரிக்கு அடுத்து 100.0, அவ்வளவுதான். 100 என்ன என்று அங்கே இல்லை.

வரைபடக்காரன்: முதலில் "யூனிட் கிடையாது" என்றீர்கள். இப்போது "1 என்று இருந்தது" என்கிறீர்கள். எது உண்மை?

கோவை லேசர்: ஆட்டோகேடின் பழைய ஆர்12 பதிப்புக் கோப்பில் காட்டுங்கள் பார்க்கலாம். இன்சுனிட்ஸ் வந்ததே ஆட்டோகேட் 2000-ல்தான். எங்களுக்கு வருவதில் பாதி ஆர்12.

வரைபடக்காரன்: ஆர்12-ல் எல்யூனிட்ஸ் இருக்கிறதே?

கோவை லேசர்: அது எண்ணை டெசிமலாகக் காட்டுவதா, அடி-அங்குலமாகக் காட்டுவதா என்பதற்கு. இதுகூடத் தெரியாமல்தான் அடுத்தவனுக்குப் பாடம் எடுக்கிறீர்களா?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்: தம்பிகளா, 1982-ல் ஆட்டோகேட் வந்தபோதே கூட வந்த ஃபார்மட் இது. நாங்கள் ஃப்ளாப்பியில் கொடுக்கும்போது ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, பக்கத்தில் 100 என்று எழுதிவிடுவோம். வாங்குகிறவன் அதை அளந்து பார்த்துக்கொள்வான். ஆர்12-ல் எனக்கு வேறு கவலை. அதில் ஸ்ப்லைன் என்ற வழவழப்பான வளைகோடு கிடையாது. அப்படிப்பட்ட வளைவெல்லாம் குட்டிக் குட்டிக் கோடாக உடைந்துவிடும், வெட்டிய ஓரத்தைத் தடவினாலே தெரியும்.

கோவை லேசர்: ஸ்ப்லைன் அப்புறம் அண்ணே. முதலில் யூனிட்.

வீட்டு பிளான்: ஆட்டோகேடின் சொந்த டிடபிள்யூஜி கோப்பாகவே அனுப்பினாலும் நிம்மதி இல்லை. பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்த "வரவேற்பறை", அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரிகிறது.

வரைபடக்காரன்: இன்னுமா பாமினி? யூனிகோடில் அடியுங்கள். 2007 வடிவத்திலிருந்து டிஎக்ஸ்எஃப், யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8தான்.

வீட்டு பிளான்: இருபது வருஷக் கோப்புகளை நீங்கள் வந்து மாற்றித் தருவீர்களா? போன மாதம் ஹேட்ச் (இடத்தைக் கோடுகளால் நிரப்புவது) பற்றிக் கேட்டபோதும் இதே தோரணைதான். மறக்கவில்லை.

வரைபடக்காரன்: அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

கோவை லேசர்: பேச்சை மாற்றாதீர்கள். ஆர்12-ல் யூனிட் எங்கே? மூன்றாவது தடவை கேட்கிறேன்.

வரைபடக்காரன்: ஆர்12-ஐக் கட்டிக்கொண்டு அழுவது உங்கள் விருப்பம். 2000-க்குப் பிறகு யூனிட் இருக்கிறது. நானும் மூன்றாவது தடவை சொல்கிறேன்.

கோவை லேசர்: இன்று காலை வந்த கோப்பு 2010 வடிவம். இன்சுனிட்ஸ் 0, அதாவது யூனிட் குறிப்பிடவில்லை. ஒரு வாஷர், வெளிவிட்டம் 2. இது அங்குலமா, சென்டிமீட்டரா? மெஷின் காத்திருக்கிறது.

வரைபடக்காரன்: அனுப்பியவரைக் கேளுங்கள்.

கோவை லேசர்: கோப்பு சொல்லாது என்றுதானே காலையிலிருந்து கத்துகிறேன்!

வரைபடக்காரன்: 0 என்பதும் ஒரு மதிப்புதான் சார்.