இங்கிலாந்து கவுன்சில் கணக்கு: படிவம் நிரப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். 2023ல் பர்மிங்காம் கவுன்சில் (நகர உள்ளாட்சி) 114 நோட்டீஸ், அதாவது வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்ற சட்டப்படியான அறிவிப்பு, கொடுத்ததிலிருந்து, தங்கள் கவுன்சில் எப்படியிருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். அவர்களுக்காக எளிய குறிப்பு ஒன்று எழுதுகிறேன்.

உள்ளாட்சி இரண்டு அடுக்காக உள்ள பகுதிகளில் குப்பை அள்ளுவது கீழ் அடுக்கான டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், அதை அப்புறப்படுத்துவது மேல் அடுக்கான கவுண்டி கவுன்சில். இரண்டின் செலவையும் கூட்டாமல், இரு பொறுப்பும் ஒன்றாக உள்ள ஒற்றை அடுக்குக் கவுன்சிலோடு ஒப்பிட முடியாது, அதுவரை சரி. சிக்கல், கவுன்சில்கள் உண்மையில் செய்த செலவைக் கேட்டு அரசு ஆண்டுதோறும் வாங்கும் ஆர்ஓ (Revenue Outturn) படிவங்களில்தான். சமூகப் பராமரிப்புக்கான ஆர்ஓ3யில் ஐடி, சம்பளப் பட்டியல், கட்டட வாடகை போன்ற பொதுச் செலவுகளை எந்த அடிப்படையில் பிரித்துப் போடுகிறீர்கள்? கவுன்சிலுக்குக் கவுன்சில் முறை மாறினால், சிக்கனமானது எது, ஊதாரி எது என்று சொல்வதே அநியாயம்.

நிரப்பிய அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வெளியாகும் எண்களோடு என்ன விளக்கம் சேர்ந்து வரவேண்டும் என்றும் சொல்லுங்கள். தொகுத்து உள்ளாட்சி அமைச்சகத்துக்கு அனுப்புகிறேன்.