எங்கள் ஊர் உழவர் சந்தையை இனி யார் நடத்த வேண்டும்?

கேள்வி: வெண்டை, கத்தரி பயிரிடும் விவசாயி

அனைவருக்கும் வணக்கம். இரண்டரை ஏக்கரில் வெண்டையும் கத்தரியும் பயிரிட்டு, பதினொரு ஆண்டுகளாக எங்கள் ஊர் உழவர் சந்தையில் நானே விற்று வருகிறேன். சந்தை வேளாண் விற்பனைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சென்ற மாதம் விவசாயிகளும் காய் வாங்க வருவோரும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில், இனிமேல் இதை யார் நடத்துவது என்ற பேச்சு எழுந்து, முடிவு எட்டாமலே கூட்டம் கலைந்தது.

எங்கள் குறை இதுதான். விவசாயி என்ற அடையாள அட்டையை வைத்துக்கொண்டு வியாபாரிகள் சிலர் உள்ளே கடை போடுகிறார்கள். வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் ஆகிய அனைத்தும் ஒரே கடையில் ஆண்டு முழுவதும் குவிந்திருந்தால், அவை ஒருவருடைய தோட்டத்தில் விளைந்தவை அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். முறையிட்டால், வயலுக்குப் போய்ப் பார்க்க ஆள் இல்லை என்ற பதிலே கிடைக்கிறது. ஆகவே நகராட்சியிடம் ஒப்படைத்து ஆண்டுக் குத்தகைக்கு விட்டால் எடுப்பவர் ஒழுங்காக நடத்துவார் என்று ஒரு சாராரும், விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். துறையே தொடரட்டும் என்போரும் உண்டு. என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கீரை பயிரிட்டு விற்கும் பெண்

குத்தகை மட்டும் வேண்டாம் ஐயா. எங்கள் பக்கத்து ஊர் வாரச்சந்தையில் ஆறு ஆண்டுகள் கீரை விற்றிருக்கிறேன். ஏலம் எடுத்தவர் கட்டிய தொகையை அந்த ஓர் ஆண்டுக்குள் மீட்டாக வேண்டியிருப்பதால், பலகையில் எழுதியிருக்கும் சுங்கம் ஒன்றாகவும் எங்களிடம் வாங்குவது வேறொன்றாகவும் இருந்தது. ரசீது கேட்டால், அடுத்த வாரம் நிழலான இடம் கிடைக்காது. இருநூறு ரூபாய்க் கீரையோடு போய் உட்காருகிறவளுக்கும் லாரியில் காய் இறக்குகிறவருக்கும் அங்கே ஒரே தராசுதான், அதில் எப்போதும் கனமான பக்கமே தாழும். உழவர் சந்தையில் கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் அங்கேயே தருகிறார்கள். இவற்றை இழந்துவிட்டால் எங்களைப் போன்றவர்கள் மறுபடியும் தெருவோரத்துக்குத்தான் போக வேண்டும்.

பதில்: ஓய்வு பெற்ற உதவி வேளாண்மை அலுவலர்

அம்மா சொன்னது சரி. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, அதன் நோக்கமே இடையில் இருப்பவரை விலக்குவதுதான். மண்டிக்குக் கொண்டு போனால் விவசாயி கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கொடுத்து, விலையையும் பிறர் சொல்லக் கேட்டு வர வேண்டியிருந்தது. உழவர் சந்தையில் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மொத்தச் சந்தை விலையையும் வெளிக்கடை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் விலை வைத்துப் பலகையில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவாக நின்று இந்த விலையைச் சொல்வதற்கு, அந்த விற்பனையில் லாபம் பார்க்காத ஒருவர் தேவை. குத்தகைதாரரால் அது முடியாது.

அதற்காகத் துறையின் பக்கம் தவறே இல்லை என்று சொல்லமாட்டேன். கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும், நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்று காட்டும் சிட்டா, அடங்கலையும் பார்த்து, வயலையும் நேரில் பார்த்தபின் அட்டை கொடுக்கப்படுகிறது. ஆனால் அட்டை கொடுப்பது ஒரு முறை. பயிர் மாறுவதோ மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு முறை. கத்தரிச் செடியைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போட்டவரின் அட்டையில் இன்னும் கத்தரி என்றே இருக்கும், அந்த அட்டையோடு வேறு யாருடைய கத்தரியோ உள்ளே வரும். நான் பணியில் இருந்த காலத்தில் வாரம் இரண்டு நாள் வயலுக்குப் போக முடிந்தது. பணியிடங்கள் காலியாகக் காலியாக, போவது நின்றுபோனது. உங்கள் சந்தையிலும் கெட்டது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பதில்: உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர் ஒருவர்

எங்கள் நிறுவனத்துக்கே சந்தையைக் கேட்டு வாங்கலாம் என்று எங்கள் உறுப்பினர்கள் சிலரும் சொன்னார்கள். நான் எதிர்த்தேன், காரணத்தை இங்கேயும் சொல்கிறேன். 2002இல் கம்பெனிகள் சட்டத்தில் செய்த திருத்தத்தால் உருவான இந்த அமைப்பில், பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நாங்களும் காய் வாங்கி விற்கிறவர்கள். சந்தையில் கடை ஒதுக்கும் அதிகாரம் எங்களிடம் இருந்தால், எங்கள் உறுப்பினருக்கு முன்வரிசையும் உறுப்பினர் அல்லாதவருக்குக் கடைசி மூலையும் போகாது என்று நான் உறுதி கொடுக்க முடியாது. மேலும், எங்களைப் போன்ற நிறுவனங்களுக்காக 2020இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கான உதவி மூன்று ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்தபின் சம்பளத்துக்குப் பணம் தேவைப்படும்போது, முதலில் கண்ணில் படுவது கடைக்காரரிடம் கட்டணம் வசூலிக்கும் வழியாகத்தான் இருக்கும்.

நாங்கள் செய்யக்கூடியது வேறு. மலைக்காய்களுக்கென்று ஒரு கடையை முறைப்படி எங்களிடம் கொடுத்தால், கேரட்டுக்காக வியாபாரியை உள்ளே விடுகிறோம் என்ற சாக்கு இருக்காது. மதியம் மிஞ்சும் காயை எடுத்து வெளியூருக்கு அனுப்பும் வண்டியும் எங்களிடம் இருக்கிறது.

பதில்: வாரம் மூன்று நாள் காய் வாங்குபவர்

கடை முன்னால் அட்டை எண்ணையும் ஊரையும் இப்போது நிலத்தில் நிற்கும் பயிரையும் எழுதித் தொங்கவிடச் சொல்லுங்கள். மீதியை வாங்குகிற நாங்களே கேட்டுக்கொள்வோம்.

பதில்: கீரை பயிரிட்டு விற்கும் பெண்

பயிரைச் சரிபார்க்கும்போது எங்கள் நிலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் உழுவது, விளைச்சலில் பங்கு கொடுப்பதாக வாரத்துக்கு எடுத்த நிலம். பட்டா வேறொருவர் பெயரில் இருப்பதால், எனக்கு அட்டை வாங்கவே ஓராண்டுக்கு மேல் அலைந்தேன். காகிதத்தை மட்டும் கடுமையாக்கினால், பட்டா வைத்திருக்கும் வியாபாரி உள்ளே இருப்பார், மண்ணில் நிற்கும் நான் வெளியே போவேன். எந்த வயலில் யார் பாடுபடுகிறார்கள் என்பது பக்கத்து வயல்காரருக்குத் தெரியும். அவர் சொல்லுக்கும் இடம் வேண்டும்.

பதில்: கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நடத்துபவரை மாற்றிவிட்டால் போதும் என்றே இதுவரை நினைத்திருந்தேன். இப்போது இப்படி எழுத உத்தேசித்திருக்கிறேன்: சந்தையும் விலைப்பலகையும் துறையிடமே இருக்கட்டும், காய் வரும் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் இரண்டு விவசாயிகள், அவர்களில் ஒருவர் பெண், கொண்ட குழு பருவத்துக்கு ஒரு முறை அலுவலருடன் வயலுக்குப் போய்ப் பயிரைப் பார்த்துக் கையெழுத்திடட்டும், பட்டா இல்லாதவருக்கு அந்தக் கையெழுத்தே போதுமானதாகக் கொள்ளப்படட்டும். மலைக்காய்க் கடையைப் பற்றியும் சேர்த்துவிடுகிறேன்.

விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். ஐயா, நீங்கள் பணியில் இருந்தபோது வயல் பார்வைக்கு வைத்திருந்த பதிவேட்டில் என்னென்ன பத்திகள் இருந்தன என்று நினைவிருந்தால் எழுதுங்கள். அதே படிவத்தை மனுவோடு இணைத்துவிடுகிறேன்.