உவர்மலைச் சரிவில் 10 பேர்ச்: வெட்டிச் சமப்படுத்துவதா, சரிவோடு கட்டுவதா?

மலைவீட்டு மருமகள்

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் எங்களுக்கு 10 பேர்ச் காணி இருக்கிறது. 34 அடி அகலம், 80 அடி நீளம். வீதி மேல்பக்கம். அங்கிருந்து பின்வேலிக்குப் போகும்போது நிலம் 14 அடி இறங்குகிறது. வடக்கு மூலையில் ஒரு பெரிய பாறை. நானும் அவரும், இரண்டு மகள்மார், முழங்கால் வலியோடு மாமி. மூத்தவளுக்கு 19 வயது. இப்போது எங்களுக்காகக் கட்டினாலும் நாளைக்கு ஒரு பகுதியையாவது அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டும். வெட்டிச் சமப்படுத்து என்கிறார் அண்ணன். வீட்டுப் படம் கீறுகிற பிள்ளை சரிவை அப்படியே விடச் சொல்கிறார். இருவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. ஒரு முடிவுக்கு வர முடியாமல் நித்திரை இல்லை.

அத்திவாரம்

தங்கச்சி, வெட்டுங்கள். கட்டட வேலையில் நான் கண்ட ஒன்று: வயதானவர்களுக்குப் படுக்கை, குசினி, கழிப்பறை மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அறைக்கு அறை மூன்று அடி வித்தியாசம் வைத்தால் ஆறு படி. சக்கர நாற்காலி வந்துவிட்டால் 1க்கு 12 என்ற கணக்கில் 36 அடி சாய்தளம் வேண்டும். உங்கள் காணியின் அகலமே 34 அடிதான்.

வீடு நிற்கப்போவது ஏறக்குறைய 45 அடி நீளத்தில். அதற்குள் இறக்கம் 8 அடி. முன்பக்கம் 4 அடி வெட்டி, அதே மண்ணைப் பின்பக்கம் 4 அடிக்குப் போட்டால் லொறிக்கூலியும் மிச்சம். சமதரை வீட்டில் பிறகு சுவரை எடுக்கலாம், அறை சேர்க்கலாம், மகளுக்கு மேலே ஒரு தட்டுப் போடலாம். குடும்பம் மாறும்போது கூடவே மாறக்கூடிய வீடு அதுதான்.

கொட்டியாரக் காற்று

அண்ணை, வீட்டுக்குள் படி இல்லைதான். வீதியிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி? வீதிக்கரையிலிருந்து 15 அடி தள்ளித்தான் வீடு தொடங்கும் என்று வையுங்கள். அந்த இடத்தில் நிலம் ஏற்கனவே இரண்டரை அடி பள்ளம். அதற்குக் கீழே இன்னும் 4 அடி வெட்டினால் தரை வீதிக்கு ஆறரை அடி கீழே போகிறது. மாமி ஆட்டோவில் ஏறுவதற்கு 13 படி ஏற வேண்டும்.

அப்புறம், வெட்டினால் மண் சரியாமல் இருக்கக் கட்ட வேண்டிய சுவர். மண்ணைத் தாங்கும் சுவரின் உயரம் இரட்டித்தால் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் நின்றால் நிலைமை இன்னும் மோசம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் 7 அடிக் கருங்கல் சுவர் இருந்தது. பின்னால் சல்லி போடவில்லை, வெட்டிய மண்ணையே திரும்பக் கொட்டினார்கள். தண்ணீர் வெளியேற விட்ட ஓட்டைகள் களிமண்ணால் அடைத்துவிட்டன. ஒரு மார்கழி மழையில் இரவு முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். விடியும்போது அது ஒரு சாண் முன்னுக்குச் சாய்ந்திருந்தது, குசினிச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. பிள்ளைகளை அயல்வீட்டில் படுக்கவைத்ததால் தப்பினோம். எங்கள் ஊரில் வருட மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. 1000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 9000 லீற்றருக்கு மேல் தண்ணீர். அதை எங்கே விடுவது என்று தீர்மானித்த பிறகுதான் அறைகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நிரப்பிய மண்ணும் வெட்டிய நிலமும் ஒரே மாதிரி இருக்காது. அத்திவாரத்தில் பாதி பாறையிலும் பாதி புதுமண்ணிலும் இருந்தால் நடுவில் வெடிக்கும்.

நான் சொல்வது இதுதான். வீட்டுத் தரையை வீதி மட்டத்துக்கு வையுங்கள். ஹோல், குசினி, மாமியின் அறை, கழிப்பறை எல்லாம் அங்கே. வாசலிலிருந்து ஒரு படிகூட இல்லை. பின்பக்கம் நிலம் தரைக்கு 10 அடி கீழே போய்விடும். அங்கே, வீட்டுக்கு அடியில், ஒரு பெரிய அறையும் கழிப்பறையும் சின்னக் குசினியும் வரும். உட்பக்கம் 3 அடி வெட்டினால் போதும். இப்போது அது பிள்ளைகள் படிக்கும் இடம். பிறகு மகளுக்கு.

அத்திவாரம்

வீதிப் படியை நான் கணக்கில் எடுக்கவில்லை. சரி, அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். நிரப்பும் பக்கத்து அத்திவாரத்தைப் பழைய நிலம் வரை இறக்கியிருப்பேன், அது வேறு கதை. ஆனால் நீங்கள் வைப்பது உயரத்தில் நிற்கும் வீடு. 1964 டிசம்பர்ச் சூறாவளியைப் பற்றி எங்கள் அப்பா சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். 2020இல் புரேவியும் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. மலைச்சரிவில் காற்றின் வேகம் கூடும்.

இன்னொன்று. கைக்குழந்தையோடு மகள் 20 படி ஏறித் தாயிடம் வர வேண்டுமா? பிள்ளைப்பெற்றவளை அடித்தட்டில் விடுவது எனக்கு மனதுக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சமும் ஒரு பக்கத்தால் மட்டுமே வரும்.

கண்டியில் இருக்கும் அக்கா

இடையில் நுழைகிறேன், பிறந்த ஊர் திருகோணமலை. கண்டியில் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1950ஐ ஒட்டிச் சரிவில் கட்டிய கருணாரத்ன வீடு நிலத்தோடு இறங்கும் வெவ்வேறு மட்டங்களில் அமைந்தது. வட்டபுளுவ வீடமைப்புக்கு, குடியேறப்போகிறவர்களிடமே எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வரைந்தார். இங்கே நாங்கள் தாயிடமும் மகளிடமும் கேட்காமல் படியை எண்ணிக்கொண்டு இருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. பெற்றோர் ஒரு மூலைக்கு ஒதுங்குவார்கள். அப்படியானால் மகளைக் கீழே விடுவதா? மேல்வீடு மகளுக்கும் கைக்குழந்தைக்கும் மாமிக்கும். நடக்கக் கூடியவரை தாய் தகப்பன் கீழே, தங்கள் வாசலோடு. கால் முடியாமல் போகும்போது மேலே வரலாம். இரண்டு பக்கத்துக்கும் பூட்டு வையுங்கள், நடுவில் உள்படியும் வையுங்கள்.

கொட்டியாரக் காற்று

அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணை, காற்றுக்குப் பறப்பது கூரை. கொங்கிறீட் தட்டு பறக்காது. கூரை மரங்களை இரும்புப் பட்டையால் சுவர்மேல் பீமோடு பிணைக்க வேண்டும். வீட்டின் முன்பாதிக்குக் கீழே தூண்களை வெறுமையாக விடாமல் கல்லால் அடைத்துவிடலாம். அதில் நீங்கள் பிடிவாதமாக இருங்கள், நல்லது.

மலக்குழியை மறக்காதீர்கள். கீழ்வீட்டுக்காரரின் கிணறு எங்கே இருக்கிறது? ஊறுகுழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது வேண்டும் என்பார்கள், சரிவில் ஊறுவதெல்லாம் அவர் பக்கம்தான் போகும்.

மலைவீட்டு மருமகள்

கீழ்வீட்டுக் கிணறு எங்கள் பின்வேலியிலிருந்து பத்து அடிகூட இல்லை. இதுவரை யாருமே கேட்கவில்லை. அப்படியென்றால் குழி பாதிக் காணிக்கு மேலேதான் வரும். படம் கீறும் பிள்ளையிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

மாமியிடம் கேட்டேன். ஆட்டோ சத்தம் கேட்கும் அறைதான் வேண்டும் என்றார். கீழே போகத் தயாரா என்று கணவரிடம் கேட்டேன், பாறைக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு போட்டால் இப்போதே போகிறேன் என்கிறார். சனிக்கிழமை காலை நால்வருமாகக் காணியில் கயிறு கட்டிப் பார்க்கப்போகிறோம்.

அத்திவாரம்

கயிற்றை ரசமட்டத்தை நம்பிக் கட்டாதீர்கள், அவ்வளவு தூரத்துக்குப் பிழைக்கும். தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய் ஒன்று வாங்குங்கள். கீழ் அறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் வராவிட்டால் நான் இன்னும் சம்மதிக்கவில்லை.