கேப் பிரட்டன் ஃபிடிலைக் காப்பாற்றியது வகுப்பா, ஆட்டமா?

தீவுக்காரி:
மூன்று வருடமாக கனடாவின் கேப் பிரட்டன் தீவில் இருக்கிறேன். ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஃபிடில் (வயலின்) இசை இங்கே ஊர் ஊராகக் கேட்கிறது. ஆனால் 1971-ல் சிபிசி தொலைக்காட்சி, இந்த ஃபிடில்காரர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு ஆவணப்படமே எடுத்தது. ஊர்க்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. 1973-ல் கிளென்டேல் என்ற சின்ன ஊரில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஃபிடிலோடு திரண்டு சேர்ந்து வாசித்தார்கள். அந்த ஊர்ப் பங்குத்தந்தை ஜான் ஆங்கஸ் ரேங்கின் பிள்ளைகள் கற்கவும் வழி செய்தார். விழா, சங்கம், வகுப்பு, இவைதான் இந்த இசையைக் காப்பாற்றின என்பது என் கட்சி.

மேளக்காரர் பேரன்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். அழிந்துபோன இசைக்கு நூறு பேர் எங்கிருந்து வந்தார்கள்? அவர்களை எந்த வகுப்பும் உருவாக்கவில்லை. வீட்டுச் சமையலறையிலும் ஊர் ஆட்டத்திலும் வளர்ந்தவர்கள். பேர்பெற்ற ஃபிடில்காரர் பட்டி மெக்மாஸ்டர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரி ஆட்டங்களுக்கு வாசித்தவர். இந்த இசை காலுக்கானது. ஆடுகிறவர்கள் போனால், எத்தனை சங்கம் வைத்தாலும் மிஞ்சுவது மேடைக் கச்சேரிதான்.

தீவுக்காரி:
அந்த நூறு பேருக்கு அப்புறம் யார் என்பதுதான் அன்றைக்குக் கவலையே. வேலை தேடி இளைஞர்கள் தீவை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சமையலறையில் வளரும் என்கிறீர்கள். ஃபிடில் இல்லாத வீட்டுப் பிள்ளை எந்தச் சமையலறைக்குப் போகும்? குடும்பச் சொத்தாக இருந்ததை ஊர்ச் சொத்தாக்கியது வகுப்புதான். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் மாபூ ஊரில் ஒரு பாதிரியார் ஃபிடில்களைத் திரட்டி எரித்தார் என்று இங்கே சொல்வார்கள். அதே திருச்சபையின் இன்னொரு பாதிரியார் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு நெகிழும்.

வில்வித்தை:
நான் டொராண்டோவில் வயலின் சொல்லித்தருகிறேன். ஒன்றைத் திருத்திவிடுகிறேன். கேப் பிரட்டன்காரர்கள் எல்லாரும் காதால் மட்டும் கற்றவர்கள் இல்லை. அச்சிட்ட பழைய ஸ்காட்டிஷ் மெட்டுப் புத்தகங்களைப் பார்த்து, புத்தகத்தில் உள்ளபடியே வாசிப்பதைப் பெருமையாக நினைத்தவர்கள் நிறைய. அதனால் வகுப்பு என்றாலே அந்நியம் என்பது சரியில்லை. ஆனால் வில்லை எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பது புத்தகத்தில் வராது. அதில் பேரன் பக்கம் நியாயம் இருக்கிறது.

மேளக்காரர் பேரன்:
நன்றி. என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1997 முதல் அக்டோபரில் 'செல்டிக் கலர்ஸ்' விழா நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். கலைஞர்களுக்கு வருமானம், அதில் எனக்கு சந்தோஷமே. ஆனால் கேட்பவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வாசிப்பவருக்குக் கைதட்டல்தான் அளவுகோல். வேகம் கூடிக்கொண்டே போகும். எங்கள் வீட்டு நாதஸ்வரத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். தாத்தா சாமி புறப்பாட்டில் தெரு நீளத்துக்கு ஏற்ப வாசித்தார். அப்பா மேடைக்கு வந்ததும் ஒன்றரை மணி நேரக் கச்சேரியாகச் சுருக்கினார். சரி, ஒன்று கேட்கிறேன். வகுப்பில் படித்த பிள்ளைகள் வாசித்து யாராவது ஆடினார்களா?

தீவுக்காரி:
ஆடினார்கள். மேற்கு மாபூ மன்றத்தில் சனிக்கிழமை ஆட்டம். ஃபிடில் வாசித்த பெரியவர் காபி குடிக்க எழுந்தபோது, பன்னிரண்டு வயதுப் பையன் அவர் நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்தில் பியானோ வாசித்தது அவன் அத்தை. ஜிக் என்ற துள்ளல் ஆட்ட மெட்டை எடுத்தவன் பதற்றத்தில் வேகமாக ஓட்டிவிட்டான். ஆடிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, அவனைக் கடக்கும்போது உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைத்தார். பையன் குதிகாலால் தரையைத் தட்டி, நிதானத்துக்கு வந்தான். ஒருவர்கூட ஆட்டத்தை விட்டு வெளியேறவில்லை.

மேளக்காரர் பேரன்:
அந்த அம்மாவின் கையைத்தான் நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் ஆடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

தீவுக்காரி:
யாரும் இல்லை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். வகுப்பு வேண்டாம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஆசிரியரைப் பார்க்கும்போது, நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு நாலு பெரியவர்களை ஆடக் கூப்பிடலாமா என்று கேட்கப்போகிறேன்.