ட்ரான்ஸ்மிட் பவருக்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம்.

மாணவர்களுக்கான மடிக்கணினி உதவிப் பக்கங்களை வெள்ளியன்று ஒப்படைக்க வேண்டும். ட்ரான்ஸ்மிட் பவரில், அதாவது மடிக்கணினி வைஃபை சிக்னலை எவ்வளவு பலமாக அனுப்பலாம் என்ற அமைப்பில், தமிழ்ச் சொல் கிடைக்காமல் வந்து முட்டி நிற்கிறேன். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் வழியாக வைஃபை அடாப்டரின் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போனால், இன்டெல் அட்டைகளில் இது இருக்கும். மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை ஐந்து படிகள். குறைத்து வைத்தால் வரும் கோளாறு விசித்திரமானது: சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரியும், இணைப்போ இழுக்கும். ரவுட்டர் பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அதற்குக் கேட்கவில்லை.

பவர் ஆப்ஷன்ஸில் பவர் சேவிங் மோடு என்று இன்னொன்று. அதுவும் வேகத்தைக் கெடுக்கும், ஆனால் அட்டையை இடையிடையே தூங்க வைத்து. இரண்டுக்கும் 'ஆற்றல்' போட்டால் மாணவர் தப்பான இடத்தில் கை வைப்பார்.

பரப்புத்திறன் என்றால் சரியா?

— ந.

*

திறன் சரி. நம் பாடநூலில் எனர்ஜி ஆற்றல், பவர் திறன். இதுவும் மில்லிவாட்டில் வருவதுதான்: சிக்னல் திறனை அளக்கும் டிபிஎம் கணக்கில் 20 என்றால் 100 மில்லிவாட், 3 குறைந்தால் பாதி.

ஆனால் ஒற்று எதற்கு? பரப்புதிறன் வினைத்தொகை. ஊறுகாயை ஊறுக்காய் என்போமா? ஒற்றுப் போட்டால் பரப்பு பெயர்ச்சொல்லாகிச் சதுர அடிக்குப் போய்விடும்.

— பாலிடெக்னிக் ஆசிரியர்

*

ஒற்று இல்லாவிட்டாலும் எங்களுக்கு அது காணிதான், ஐயா. யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பரப்புக் கணக்கில்தான் விற்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் பவர் என்றால் வலு, எனர்ஜி என்றால் சக்தி. திறன் என்றதும் கெட்டித்தனம்தான் நினைவுக்கு வருகிறது. செலுத்துவலு என்று போடுங்கள்.

— யாழிலிருந்து

*

வலு வரை வந்தவர்கள் ஏன் வலியில் நிற்கவில்லை?

வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்
துணைவலியும் தூக்கிச் செயல்.

குறள் 471. மடிக்கணினியின் வலி தன்வலி, ரவுட்டருடையது மாற்றான் வலி, நடுவில் ரிப்பீட்டர் வைத்தால் துணைவலி. ந. சொன்ன கோளாறே தன்வலி அறியாமல் மாற்றான் வலியை மட்டும் கோடுகளாக எண்ணுவதுதான். வல் என்ற வேரிலிருந்தே வலம், வல்லினம், வல்லவன் எல்லாம் கிளைத்தன. விரிவாக நாளை எழுதுகிறேன். அப்புறம், வைஃபை எதற்கு? அருகலை இருக்கிறதே.

— செ.

*

"உங்கள் மடிக்கணினிக்கு வலி குறைவாக உள்ளது" என்று படிக்கிற பிள்ளை நல்லதுதானே என்று மூடி வைத்துவிடும், அண்ணா.

லினக்ஸ் பக்கத்தையும் கவனியுங்கள். அங்கே வைஃபை அமைப்புகளைக் காட்டும் ஐடபிள்யூ கட்டளை 'டிஎக்ஸ்பவர்' என்றுதான் காட்டும். நாட்டுக் குறியீடு 00 என்றிருந்தால் அட்டை எங்கும் பொருந்தும் கண்டிப்பான வரம்புக்குள் அடங்கிக் கிடக்கும். அதை ஐஎன், அதாவது இந்தியா, ஆக்கச் சொல்லித்தர வேண்டும். திரையில் பவர் என்றிருக்க, பக்கத்தில் வேறொன்று எழுதினால் எப்படித் தேடுவார்கள்? வைஃபை பவர். முடிந்தது.

— லினக்ஸ் பக்கம் எழுதுபவன்

*

பவர் என்றால் மூக்குக் கண்ணாடிக்கும் உண்டு.

— செ.

*

அருகுதல் என்றால் குறைதல் என்றும் பொருள். அருகிக்கொண்டே போகும் அலை! நம் கோளாறுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

— பாலிடெக்னிக் ஆசிரியர்

*

அருகில் உள்ள அலை, அருகலை. இதில் குறைவது என்ன?

— செ.

*

போதும். இரவு பதினொன்றரை.

அனுப்புதிறன் என்று போடுகிறேன், ஒற்று இல்லாமல். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் கூடவே ட்ரான்ஸ்மிட் பவர். பவர் சேவிங்குக்கு மின்சேமிப்பு, அதில் திறனும் இல்லை, ஆற்றலும் இல்லை. மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் "எதுவாவது போடுங்கள்" என்றார். அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

— ந.

*

இலங்கைப் பதிப்பில் நான் அனுப்புவலு என்றுதான் மாற்றுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

— யாழிலிருந்து

*

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அனுப்புதல் கடிதத்துக்கு.

— செ.

*

பதிந்தாயிற்று. அதே பட்டியலில் ரோமிங் அக்ரசிவ்னெஸ் என்று ஒன்று இருக்கிறது, நல்ல சிக்னல் தேடி வேறு ரவுட்டருக்குத் தாவ அட்டை எவ்வளவு அவசரப்படலாம் என்பது. யாரிடமாவது சொல் உண்டா? ஐயா, குறள் வேண்டாம்.

— ந.